யார் கையெழுத்துப் போட வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

பெரிய வங்கிகளையும் முதலீட்டு நிறுவனங்களையும் எதிர்த்து அமைதியாகத் தெருவில் இறங்கினால் ஏதாவது மாறுமா? இதையே வெவ்வேறு விதமாகக் கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: 2011-ல் நியூயார்க்கில் ‘வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்’ என்று கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். உலகமே பேசியது. இரண்டே மாதத்தில் போலீஸ் காலி செய்தது. வங்கிகள் அசையவே இல்லை. இன்னுமா தெருவை நம்புகிறீர்கள்?

பதில்: தெருவை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் எங்கே சிக்கியது, எங்கே நகர்ந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

செப்டம்பர் 17 அன்று வந்தவர்கள் உட்கார நினைத்த இடமே வேறு. சேஸ் மன்ஹாட்டன் பிளாசாவை முன்கூட்டியே வேலி போட்டு அடைத்துவிட்டதால், சில தெருக்கள் தள்ளி இருந்த சுக்கோட்டி பூங்காவுக்குப் போனார்கள். அது ஒரு கட்டட நிறுவனத்தின் சொத்து. ஆனால் கட்டட அனுமதிக்கு ஈடாக, 24 மணி நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன்மேல் இருந்தது. மாநகராட்சிப் பூங்கா என்றால் இரவில் மூடியிருப்பார்கள். அந்த இடைவெளியில் புகுந்துதான் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள். தனியார் இடம் என்பதே கடைசியில் எதிராகவும் திரும்பியது. கூடாரம் போடக் கூடாது, படுக்கக் கூடாது என்று உரிமையாளர் விதி வைத்தார். நவம்பர் 15, நள்ளிரவு தாண்டிப் போலீஸ் உள்ளே வந்தது. அங்கே கூடலாம், பேசலாம், ஆனால் கூடாரம் போட்டுத் தங்க உரிமை கிடையாது என்று அன்று மாலையே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்குள் இடத்தைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிப் போயிருந்தது. அக்டோபர் 28-ல் தீயணைப்புத் துறை ஜெனரேட்டர்களை எடுத்துக்கொண்டு போனது. மறுநாளே பனி கொட்டியது. சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுத்தார்கள். முரசுச் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் புகார். அதைப் பேசித் தீர்க்கத் தனிக் கூட்டங்கள். இத்தனைக்கும் நடுவில் வங்கியைப் பற்றிப் பேச நேரம் எங்கே?

இன்னொன்று, பொதுவான கோரிக்கைப் பட்டியல் எதையும் அவர்கள் ஏற்கவில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. ‘நாங்கள் 99 சதவீதம்’ (மிச்சம் 1 சதவீதம் பெரும் பணக்காரர்கள்) என்ற ஒற்றை வரி அத்தனை பேர் வாயிலும் புகுந்ததற்கு, அதில் யாரையும் விலக்கும் நிபந்தனை இல்லாததும் காரணம். ஆனால் ஒரு வங்கித் தலைவரோ அமைச்சரோ மறுநாள் காலையில் மனம் மாறி வந்திருந்தால்கூட, அவர் கையெழுத்துப் போட அங்கே ஒரு காகிதம் இல்லை.

காகிதம் பிறகு வந்தது. அரசு காப்பீடு உள்ள டெபாசிட்டை வைத்திருக்கும் வங்கி, சொந்த லாபத்துக்காகச் சந்தையில் சூதாடக் கூடாது என்பது வோல்க்கர் விதி. 2010-ல் வந்த அமெரிக்க நிதிச் சீர்திருத்தச் சட்டமான டாட்–ஃபிராங்க் சட்டத்தில் அது ஒரு பிரிவு. நடைமுறை விதிகளை எழுதும் வேலை ஒழுங்குமுறை ஆணையங்களுடையது. வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது 18,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை ஒரே வாசகத்தைப் படியெடுத்து அனுப்பியவை. தனித்தனியாக எழுதப்பட்டவை 600-க்குச் சற்று மேல்தான். அந்த 600-ல் ஒன்று, பூங்காப் போராட்டத்திலிருந்து கிளைத்த ஒரு சிறு குழு 2012 பிப்ரவரியில் அனுப்பிய 325 பக்கக் கடிதம். நிதித்துறையில் வேலை பார்த்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சேர்ந்து, எந்தப் பிரிவில் எந்தச் சொல் ஓட்டையாகும், அதற்குப் பதில் என்ன சொல் வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தார்கள். 2013 டிசம்பரில் வந்த இறுதி விதியின் அடிக்குறிப்புகளில் அந்தக் கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் வங்கிகளின் வக்கீல்களுக்குப் பதில் சொன்ன அதே ஏட்டில் இவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே ‘வங்கிகள் அசையவில்லை’ என்பது பூங்காவைப் பொறுத்தவரை சரி, அங்கே அறிமுகமாகி வெளியே போய் வேலை செய்தவர்களைப் பொறுத்தவரை முழுக்கச் சரியில்லை.

கேள்வி: மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் அமைதியாகத் தெருவுக்கு வந்துவிட்டால் எந்த அதிகாரமும் தாங்காது என்கிறார்களே? வங்கிகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். வன்முறையற்றவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதம். பிறகு அந்தத் தரவிலிருந்து செனோவெத் எடுத்ததுதான் 3.5. ஆனால் பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் ஆட்சியைக் கவிழ்ப்பது, அந்நியப் படையை வெளியேற்றுவது, தனிநாடு கேட்பது ஆகிய மூன்று வகைதான். வட்டி விகிதம், வங்கிச் சட்டம், கடன் தள்ளுபடி எதுவும் அதில் இல்லை. பஹ்ரைன் மாதிரி அந்த அளவைத் தாண்டியும் தோற்ற இடங்கள் உண்டென்று செனோவெத்தே பின்னால் எழுதியிருக்கிறார்.

கூட்டத்தைக் கண்டு சட்டமன்றம் பயப்படும், ஓட்டு இருக்கிறதே. முதலீட்டு வங்கிக்குப் பொதுமக்கள் வந்து நிற்கும் கவுண்டரே கிடையாது. அது ஏன் பயப்பட வேண்டும்?

கேள்வி: சரி, உருப்படியாக ஜெயித்த ஓர் உதாரணமாவது சொல்லுங்கள்.

பதில்: ஐஸ்லாந்து. 2008 அக்டோபரில் கௌப்திங், லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர் என்ற மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சாய்ந்தன. நாட்டின் மக்கள்தொகையே 3,20,000 அளவுதான். ஹோர்துர் டோர்ஃபாசன் என்ற பாடகர் தலைநகர் ரெய்க்யாவிக்கில் நாடாளுமன்றம் முன்னால் உள்ள சதுக்கத்தில் நின்றுகொண்டு, வந்துபோகிறவர்களிடம் பேசத் தொடங்கினார். அதுவே சனிக்கிழமைதோறும் கூட்டமாக வளர்ந்தது.

கோரிக்கைகள் மூன்றே மூன்று: அரசு விலகித் தேர்தல் நடத்த வேண்டும், மத்திய வங்கித் தலைமை போக வேண்டும், நிதிக் கண்காணிப்பு ஆணையத் தலைமை போக வேண்டும். மூன்றுக்கும் ஒரு நாற்காலி, அதில் ஓர் ஆள். அந்த மூன்று அலுவலகங்களும் அதே ஊரில். பெரிய நாடுகளுக்கு இந்த வசதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2009 ஜனவரி 20 அன்று விடுமுறை முடிந்து நாடாளுமன்றம் கூடியபோது, மக்கள் சமையலறைச் சட்டி, பானை, கரண்டியோடு வந்து தட்டினார்கள். உள்ளே பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம். அடுத்த இரவில் சிலர் போலீஸ் மீது கல்லெறிந்தார்கள். 1949-க்குப் பிறகு முதல்முறையாக அந்த ஊரில் கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. போராட்டம் திசைமாறியிருக்க வேண்டிய நேரம் அது. போராட்டக்காரர்களே சிலர் போலீசுக்கு முன்னால் அரணாகப் போய் நின்றார்கள். அமைதியாகப் போராட வந்தோம் என்று காட்ட ஆரஞ்சு நிறப் பட்டை அணிவது மறுநாளிலிருந்து பரவியது. 25-ம் தேதி வர்த்தக அமைச்சர் பதவி விலகினார். கண்காணிப்பு ஆணையத் தலைமையும் மாறியது. 26-ம் தேதி கூட்டணி அரசு கவிழ்ந்தது. மத்திய வங்கித் தலைவர் டேவித் ஒட்சன் தானாகப் போக மறுத்தார். புதிய அரசு பிப்ரவரியில் சட்டத்தையே திருத்தி அந்தப் பதவியை மாற்றி அமைத்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த கட்டம். லாண்ட்ஸ்பாங்கி ‘ஐஸ்சேவ்’ என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையம் வழியாக டெபாசிட் வாங்கியிருந்தது. அந்த இழப்பை ஐஸ்லாந்து மக்களின் வரிப்பணத்தில் அடைக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. மிச்சம் இருந்தது குடியரசுத் தலைவரின் கையெழுத்து ஒன்றுதான். வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கையெழுத்திட்ட மனுவை அவரிடம் கொண்டுபோனார்கள். 2010 ஜனவரி 5 அன்று அவர் கையெழுத்திட மறுத்தார். மார்ச் 6-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம்’. 2013-ல் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம்) நீதிமன்றமும் ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்பளித்தது.

தோல்வியும் உண்டு. அதே எழுச்சியில் பிறந்த புதிய அரசியலமைப்பு வரைவுக்கு 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. தனியாக யாரையும் சுட்டிக் கேட்க முடியவில்லை.

கேள்வி: நாங்கள் 200 பேர். ஒரு வங்கியின் தலைமையகம் முன்னால் ஒரு நாள் அமைதியாக ஆர்ப்பாட்டம் நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேனரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்? எழுதியபின் ஒரு சோதனை: அந்தப் பதவியில் இருப்பவர் வேறு யாரையும் கேட்காமல் திங்கட்கிழமை காலை அதைச் செய்ய முடியுமா? முடியாதென்றால் தவறான வாசலில் நிற்கப் போகிறீர்கள். ‘பேராசையை ஒழி’ என்பதில் கையெழுத்துப் போட யாராலும் முடியாது. ‘வீட்டுக் கடன் தவணை தவறியவர்களுக்கு 90 நாள் அவகாசம் தராமல் ஏலம் விடாதே’ என்பதில் கடன் பிரிவின் தலைவர் போடலாம்.

அடுத்தது நிலம். நடைபாதை யாருடையது, வங்கி வாசலில் உள்ள முற்றம் யாருடையது என்று நில ஆவணத்தில் பாருங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2011 அக்டோபர் 15-ல் லண்டன் பங்குச்சந்தை முன்னால் கூடப் போனவர்களுக்கு நேர்ந்தது தெரியுமா? பங்குச்சந்தை இருக்கும் பேட்டர்நோஸ்டர் சதுக்கம் தனியார் நிலம். உரிமையாளர்கள் முன்பே தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். கூட்டம் பக்கத்திலிருந்த செயின்ட் பால் தேவாலயத்தின் வாசலில் போய் உட்கார்ந்தது. தேவாலயத்தை ஒரு வாரம் மூடினார்கள். மூத்த பாதிரியார்கள் பதவி விலகினார்கள். பத்திரிகைகள் வாரக்கணக்கில் தேவாலயம் செய்தது சரியா தவறா என்று எழுதின. பங்குச்சந்தை பாட்டுக்கு நடந்தது! 2012 பிப்ரவரி 28 அன்று அங்கிருந்தும் வெளியேற்றினார்கள்.

நாள், நேரம். வார இறுதியில் உங்களுக்கு வசதி, ஆனால் கட்டடம் காலியாக இருக்கும். காலாண்டு முடிவு அறிவிக்கும் நாள், பங்குதாரர் கூட்டம், ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும் கடைசி வாரம், வழக்கு விசாரணை – வங்கியின் நாள்காட்டியில் இவை இருக்கும், அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள். முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் ஊர்வலத்துக்கு ஆறு முழு நாள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

200 பேருக்குத் தொண்டர்கள் 10 முதல் 12 பேர், எல்லோரும் ஓரங்களில். கூட்டத்தின் நடுவில் நிற்கும் தொண்டரால் பயனில்லை. போலீசோடு பேச இரண்டு பேர்; ஒருவரைத் தனியே அழைத்துப் போய்விட்டால் மற்றவர் இருக்க வேண்டும். நிருபர்களுக்கு ஒருவர், முதலுதவிக்கு இரண்டு பேர், கோஷம் போடாமல் நடப்பதை நேரத்தோடு குறித்துக்கொள்ள மட்டும் இரண்டு பேர். வக்கீலின் எண்ணைக் கைபேசியில் சேமித்தால் போதாது, கைபேசியே கையைவிட்டுப் போகலாம். முழங்கைக்குக் கீழே அழியாத மையில் எழுதுங்கள். பதாகைக்குக் கட்டை வேண்டாம், கெட்டி அட்டைக் குழாய் போதும். கட்டையை ஆயுதம் என்று சொல்லிப் பறிப்பது எளிது. வாசல், அவசர வழி இரண்டையும் மறிக்காதீர்கள். நடைபாதையில் சக்கர நாற்காலி தாராளமாகப் போக இரண்டு மீட்டர் விடுங்கள். மறியல் என்று வழக்குப் போட இந்த இரண்டு மீட்டரே காரணமாகலாம்.

பேச்சாளர் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு நான்கு நிமிடம். இதில்தான் எல்லாக் குழுவும் தோற்கிறது. ஒன்பதாவது பேச்சாளர் வரும்போது மனு வாங்க வேண்டிய அதிகாரி வீட்டுக்குப் போயிருப்பார்.

மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் மறுத்த நேரத்தைக் குறித்துவிட்டு அன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முடியும் நேரத்தை முன்பே அறிவித்து, சொன்ன நேரத்தில் முடியுங்கள். தொண்டர்கள் மட்டும் இன்னும் அரை மணி நேரம் அடையாளப் பட்டையைக் கழற்றாமல் நிற்கட்டும். தள்ளுமுள்ளு, கண்ணாடி உடைப்பு போன்றவை அதிகம் நடப்பது, ‘முடிந்தது’ என்று அறிவித்தபின் கலையாமல் நிற்கும் கடைசி ஐம்பது பேரிடம்தான்.

கேள்வி: ஒலிபெருக்கிக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நியூயார்க்கில் செய்ததையே செய்யலாம். பேசுபவர் ஐந்தாறு சொல் சொல்லி நிறுத்துவார், கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் அதை ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள், தூரத்தில் இருப்பவர்களுக்கு அப்படிப் போய்ச் சேரும். கூட்டம் பெரிதென்றால் இரண்டு அலை. அப்போது பேச்சு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். மூன்று அலை போனால் கடைசி வரிசைக்கு வேறு வாசகம் போய்ச் சேரும். எண்களைச் சொல்ல இந்த முறை உதவாது. எண் வேண்டுமானால் துண்டுப் பிரசுரத்தில் போடுங்கள்.

கேள்வி: கோஷம் போடுவதைவிட, எல்லோரும் பணத்தை எடுத்து வேறு வங்கியில் போட்டுவிட்டால் என்ன?

பதில்: நல்ல ஆயுதம்தான், ஆனால் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2011 செப்டம்பர் இறுதியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா டெபிட் கார்டுக்கு மாதம் 5 டாலர் கட்டணம் அறிவித்தது. 3 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 5-ஐக் கணக்கு மாற்றும் நாளாக அறிவித்துப் பிரசாரம் நடந்தது. நவம்பர் 1-ம் தேதியே கட்டணம் கைவிடப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கட்டணம், ஒரு குறிப்பிட்ட தேதி. அதனால் பலித்தது. ‘பெரிய வங்கியே வேண்டாம்’ என்று வெளியேறியவர்களால் அதே வேகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சொற்ப இருப்புள்ள கணக்கு போனால் வங்கிக்குச் செலவு மிச்சம்.

எதிர்கால வாடிக்கையாளர் போவதுதான் வலிக்கும். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பார்க்லேஸ் வங்கி தொழில் செய்ததை எதிர்த்துப் பிரிட்டிஷ் மாணவர்கள் பல ஆண்டுகள் அந்த வங்கியில் கணக்குத் திறக்க மறுத்தார்கள். பதினெட்டு வயதில் கணக்குத் திறப்பவர் வீட்டுக் கடன், ஓய்வூதியம்வரை அங்கேயே இருப்பார் என்பது வங்கியின் கணக்கு. 1986 நவம்பரில் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சி, பல்கலைக்கழகம், ஓய்வூதிய நிதி போன்ற பெரிய டெபாசிட்தாரர்களை நகர்த்துவது இன்னும் வலுவானது. ஆனால் போகும் இடம் தயாரா என்று பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரியில் சியாட்டில் மாநகர மன்றம் வெல்ஸ் ஃபார்கோவுடன் உறவை முறிக்கத் தீர்மானித்தது. ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் புழங்கும் கணக்கு. பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு, அந்த அளவு கணக்கைக் கையாள வேறு வங்கி முன்வராததால், அதே வங்கியுடன் மறுபடி ஒப்பந்தம்.

உங்கள் சொந்தக் கணக்கை மாற்றுவதென்றால் முறை இது. புதிய கணக்கை முதலில் திறங்கள்; டெபாசிட் காப்பீடு உண்டா என்று பாருங்கள். பழைய கணக்கின் 13 மாத அறிக்கையை எடுத்து, தானாகப் பிடிக்கப்படும் தொகைகளை எல்லாம் குறியுங்கள். 12 மாதம் போதாது, ஆண்டுக்கொருமுறை போகும் பிரீமியம் இரண்டு நாள் தள்ளி விழுந்திருந்தால் கண்ணில் படாது. முதலில் வரவை மாற்றுங்கள், பிறகு செலவை. இரண்டு மாதப் பிடித்தத்துக்கான தொகையைப் பழைய கணக்கில் விட்டுவையுங்கள். மூன்றாம் மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் எழுத்தில் விண்ணப்பித்து மூடி, மூடியதற்கான கடிதம் வாங்குங்கள். காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பணத்தை மட்டும் துடைத்து எடுத்துவிட்டுக் கணக்கை அப்படியே விட்டால், குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் ஏறி நீங்கள் வங்கிக்குக் கடனாளி ஆகவும் கூடும்.

வங்கி திவாலாகப் போகிறது என்று மட்டும் பரப்பாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடினால் கடைசியாக வரிசையில் நிற்பவர் ஏழை டெபாசிட்தாரர்தான்.

கேள்வி: நீதிமன்றம் இருக்கும்போது தெரு எதற்கு?

பதில்: நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்க. ஸ்பெயினில் வீடு ஏலம் போனபிறகும் மிச்சக் கடன் கடனாளியின் தலையிலேயே நின்றது. அங்கே ஒரு வீட்டுக் கடனாளியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013 மார்ச் 14 அன்று, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் காட்டி ஏலத்தை நிறுத்த வழியில்லாத ஸ்பெயின் சட்டம் ஐரோப்பிய நுகர்வோர் விதிக்கு முரணானது என்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் அவர் 2011-லேயே வீட்டை இழந்துவிட்டார்.

2009-ல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘பா’ என்ற அடமானக் கடனாளிகள் இயக்கம் இந்த இடைவெளியில்தான் நின்றது. வெளியேற்ற வரும் நாளில் வாசலில் ஐம்பது பேர் அமைதியாக உட்கார்ந்தால் அதிகாரி வேறு தேதி எழுதிவிட்டுப் போவார். வாரக் கூட்டத்தில் புதிதாக வந்தவருக்குப் பழையவர் வழி சொல்வார். பிறகு குடும்பத்தோடு இருபது பேர் வங்கிக் கிளைக்குப் போய், வீட்டை எடுத்துக்கொண்டு கடனைத் தீர்த்துக் கணக்கை முடி என்ற ஒரே கோரிக்கையோடு, மேலாளர் தலைமையகத்துக்குப் பேசும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இதையே சட்டமாக்கக் கோரி 14 லட்சம் கையெழுத்துத் திரட்டினார்கள். தேவைப்பட்டது 5 லட்சம். நாடாளுமன்றம் 2013-ல் வேறொரு பலவீனமான சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத்தில் தோற்றதைக் கிளை கிளையாக வென்றார்கள் என்று சொல்லலாம்.

கேள்வி: எல்லோரும் சேர்ந்து கடன் தவணை கட்டுவதை நிறுத்தினால்?

பதில்: ‘எல்லோரும்’ என்ற சொல்லில்தான் ஆபத்து. நிறுத்தியபின் பக்கத்து ஆள் கட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. கடன் மதிப்பெண் விழும், அபராத வட்டி ஏறும், ஜாமீன் போட்டவர் மாட்டுவார். ஈடு வைத்த கடனில் இதை நினைக்கவே கூடாது.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் கொரிந்தியன் என்ற தனியார் கல்லூரிக் குழுமத்தின் முன்னாள் மாணவர்கள் 15 பேர் அரசுக் கல்விக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். கல்லூரி ஏமாற்றியிருந்தால் கடனிலிருந்து விடுபட மாணவர் கோரலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் விண்ணப்பப் படிவமே இல்லை. போராட்டக் குழு தானே ஒரு படிவம் தயாரித்து இணையத்தில் போட்டது, ஆயிரக்கணக்கானோர் நிரப்பினார்கள். 2022 ஜூனில் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்வதாக அரசு அறிவித்தது. ஏழு ஆண்டு! செய்தியானது அந்த 15 பேர். அலுவலகத்தை நகர்த்தியது படிவம்.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): கொள்கை முடிவு எடுப்பவர் வேறு. கிளையில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து ஏன் கத்துகிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயம். 2010 மே 5 அன்று ஏதென்சில் சிக்கன நடவடிக்கைகளுக்கு எதிராகப் பெரும் ஊர்வலம். முகமூடி அணிந்த சிலர் மார்ஃபின் வங்கிக் கிளையில் தீக்குண்டு எறிந்தார்கள். வேலைக்கு வந்திருந்த ஊழியர்கள் மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் கர்ப்பிணி. அன்று ஊர்வலம் கேட்டதைப் பின்னுக்குத் தள்ளியது அந்தத் தீ. போராடுகிறவர்களுக்குச் சொல்வது: கிளை ஊழியருக்கென்று தனியாக ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் அச்சிடுங்கள், அலுவலகம் தொடங்கும் நேரத்தில் கையில் கொடுங்கள். உள்ளே நடப்பது தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்கான போராட்டம் வென்றது. பங்குப் பரிவர்த்தனை மீது சிறு வரி கேட்ட போராட்டம் ஏன் முடங்கியது?

பதில்: கையெழுத்துகளின் எண்ணிக்கையில் இருக்கிறது விஷயம். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் எட்டு பெரிய நாடுகளின் ஜி8 மாநாட்டைச் சுற்றிச் சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கோரிக்கை ஒன்று, கெடு 2000-ம் ஆண்டு, கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டிய எட்டுத் தலைவர்களும் ஒரே மாநாட்டில். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதுவும் பின்வந்த 2005 திட்டமும் சேர்ந்து 37 நாடுகளுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் கடனைக் குறைத்தன. நிபந்தனைகள் கடுமையாக இருந்தன என்ற விமர்சனமும் சரியே.

பரிவர்த்தனை வரியை ஐரோப்பிய ஆணையம் 2011-ல் முன்வைத்தது. பங்கு, பத்திரத்துக்கு 0.1 சதவீதம், டெரிவேட்டிவுக்கு (வேறு சொத்தின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) 0.01. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி என்றால் எல்லா நாடும் சம்மதிக்க வேண்டும். முடியாமல் 11 நாடுகள் மட்டும் தனியே முயன்றன. அந்த 11-க்குள்ளும் ஒருமித்த சம்மதம் தேவை. எஸ்டோனியா விலகியது, மற்றவை இழுபறியில் நின்றன. தன் நாடாளுமன்றம் மட்டும் போதும் என்றிருந்த ஃபிரான்ஸ் 2012 ஆகஸ்டிலேயே பங்குகள் மீது 0.2 சதவீதம் போட்டுவிட்டது.

கேள்வி: அமைப்பாளர் 5,000 பேர் என்கிறார், போலீஸ் 500 என்கிறது. உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பத்திரிகையாளர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் பெர்க்லியில் மாணவர் கூட்டங்களை மாடி ஜன்னலிலிருந்து எண்ணிக் கண்ட வழி இன்றும் போதும். பரப்பளவை நெரிசலால் பெருக்குங்கள். கை வீசி நடக்க முடிந்தால் சதுர மீட்டருக்கு ஒருவர், தோள் உரசாமல் நெருங்கி நின்றால் இரண்டு, மேடை முன்னால் நகர முடியாத இடத்தில் நான்கு. தெரு 12 மீட்டர் அகலம், கூட்டம் 60 மீட்டர் நீளம் என்று வையுங்கள். முன்னால் 10 மீட்டர் நெரிசல்: 120 சதுர மீட்டர், 480 பேர். நடுவில் 20 மீட்டர்: 240 சதுர மீட்டர், 480 பேர். பின்னால் 30 மீட்டர்: 360 சதுர மீட்டர், 360 பேர். ஆக 1,320. உச்ச நேரத்தில் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தோடு இந்தக் கணக்கையும் மனுவில் இணையுங்கள். 5,000 என்று எழுதிக் கொடுத்தால், அதே மனுவில் நீங்கள் போட்டிருக்கும் வட்டிக் கணக்கையும் வாங்குகிற அதிகாரி அப்படித்தான் படிப்பார்.